எறும்புக்கு இட்ட சர்க்கரை

கோபாலபுரம்,
கார்த்திகை 18

பழனிமலைமேல் தண்டூன்றி நிற்கும் பெருமான் திருவடி முன்னிற்க.

திரு. ராக்கப்பன் அவர்களுக்குக் கந்தப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இறையருளால் நானும் என் மனைவி மருதாத்தாளும் நலம். தங்கள் இல்லத்தார் யாவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நேற்றுப் பொள்ளாச்சிப் பேருந்தில் தங்கள் பெயர் எழுதிய மூட்டை ஒன்று வந்து சேர்ந்தது. சோதனைச்சாவடியில் அதை அவிழ்த்துப் பார்த்துவிட்டு அரைகுறையாகக் கட்டி அனுப்பியிருந்தார்கள். உள்ளே விதைக்கடலை. அதன்மேல் ஒரு துண்டுக் காகிதம்: "அசுவினியைத் தாங்கும் ரகம். காட்டைச் சுற்றி நான்கு வரிசை தட்டைப்பயறும் விதைக்கவும்."

நாம் இருவரும் இதுவரை பேசியதில்லை. என் மகன் சிவப்பிரகாஷும் தங்கள் மகள் ஆர்த்தியும் இரு வீட்டாரையும் கேளாமல் மாலை மாற்றிக்கொண்டு அகளியில் குடித்தனம் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர்கள் இந்த வாசலுக்கு வந்ததில்லை. நான் அழைத்ததும் இல்லை. அதைப் பற்றி எழுத இக்கடிதம் அன்று. பிறர் கொடுத்ததைப் பெற்றுக்கொண்டு மறுமொழி எழுதாதிருப்பது முறையன்று என்பதனாலேயே எழுதுகிறேன்.

என் காட்டில் அசுவினி விழுவது தங்களுக்கு எவ்வாறு தெரிந்ததோ, அறியேன். செடியின் கொழுந்தில் கரும்பேன்போல் அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும் அந்தப் பூச்சியால் இரண்டு பட்டம் கடலையை இழந்தது உண்மை. மருந்து தெளித்திருக்கலாம், தெளிக்கவில்லை. அண்டைக் காட்டில் நஞ்சுண்ட மயில் ஒன்று என் வரப்பில் தோகை சரிந்தபடி இறந்து கிடந்தது. முருகன் ஏறும் பறவை அது. இனி என் மண்ணில் நஞ்சு விழாது என்று அன்றே அவன் சன்னதியில் சொல்லிவிட்டேன். பங்காளிகள் சிரிக்கிறார்கள். விடியலில் நீராடி, வரப்பு நெடுக எறும்புகளுக்கு அரிசிநொய்யும் நாட்டுச்சர்க்கரையும் இட்டு, ஒரு பதிகம் பாடி முடித்த பின்பே மண்ணில் கால் வைக்கும் குடும்பம் எங்களுடையது. அந்தப் புண்ணியம் எங்களைக் காக்கும் என்றிருக்கிறேன்.

விதையை ஊன்றலாமா, திருப்பி அனுப்பலாமா? எதுவாயினும் காரணத்தோடு எழுதவும்.

இப்படிக்கு,
கந்தப்பன்


சக்குபள்ளம்,
கார்த்திகை 24

எல்லையில் நிற்கும் கருப்பசாமி காவல்.

மரியாதைக்குரிய சம்பந்தி கந்தப்பன் அவர்களுக்கு ராக்கப்பன் எழுதிக்கொண்டது. நானும் என் வீட்டுக்காரி முத்துப்பேச்சியும் சுகம். தாங்களும் சம்பந்தியம்மாளும் சுகமாக இருப்பது கடிதத்தால் தெரிந்தது, சந்தோஷம். தாங்கள் என்னைச் சம்பந்தி என்று எழுதவில்லை. நான் எழுதிவிட்டேன். அடித்துவிட்டுப் படிக்கவும்.

போனில் பேசாமல் கடிதம் எழுதியது நல்லதாகப் போயிற்று. ஏலத்தோட்டத்தில் மருந்துப் பம்பின் இரைச்சலோடு காலம் தள்ளியவன் நான். இடது காது மந்தம். எத்தனை விஷத்தை இந்தக் கையால் அடித்திருப்பேன் என்று கருப்பனுக்குத்தான் தெரியும். ஆகவே நஞ்சே வேண்டாம் என்று ஒருவர் நிற்கிறார் என்று கேள்விப்பட்டதும் அவருக்கு ஏதாவது செய்யத் தோன்றியது.

விதையை ஊன்றுங்கள். அந்த ரகத்தின் சாறு அசுவினிக்கு ஒத்துக்கொள்ளாது; ஏறினாலும் பெருகாது. விஷயம் தெரிந்த ஒருவர் சொன்னது இது. பெயர் கேட்க வேண்டாம்.

இப்போது என் விஷயம். ஆர்த்திக்கு நாலாம் மாதம் பிறந்திருக்கிறது. பங்குனியில் ஏழாம் மாதம். உங்கள் பக்கத்து வழக்கப்படி, பெண்ணைப் பெற்றவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து, எல்லோருக்கும் பரிமாறி, மகளைப் பிரசவத்துக்கு அழைத்துப் போக வேண்டும் என்று மாப்பிள்ளை சொன்னார். சோறு கட்ட நாங்கள் தயார். கொண்டுவர ஒரு வீடு வேண்டும். "வாடகை வீட்டு வாசல்ல வச்சா எம்புள்ளைய அழைக்க? மாமனார் வீட்டு நடையில வச்சு அழைச்சாத்தான அவளுக்குக் கௌரவம்" என்று முத்துப்பேச்சி அழுகிறாள். எங்களுக்கு இருப்பது ஒரே பெண். தங்கள் வாசலைத் தர முடியுமா என்று எழுதுங்கள்.

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
ராக்கப்பன்


கோபாலபுரம்,
மார்கழி 13

திருப்பள்ளியெழுச்சி ஒலிக்கும் இந்த நல்ல வேளையில் மயிலேறும் ஐயன் துணை நிற்க.

திரு. ராக்கப்பன் அவர்களுக்கு வணக்கம். இங்கு யாவரும் நலம். மலைப்பனி தங்களை வாட்டாதிருக்கட்டும்.

விதைத்தாயிற்று. முளைப்பைக் கண்டு எனக்கு இளமை திரும்பிவிட்டது என்றே சொல்வேன். ஊன்றிய விதையில் பழுது என்று தேடித்தான் காண வேண்டும். மண்ணைத் தலையில் சுமந்துகொண்டு ஒவ்வொரு முளையும் எழுந்து நின்ற காட்சி, தேர்வடம் பிடிக்க வந்த அடியார் கூட்டம்போல் இருந்தது. தட்டைப்பயறும் எல்லை கட்டியதுபோல் சுற்றிலும் எழுந்துவிட்டது. எதற்கு இந்தத் தட்டைப்பயறு என்று தாங்கள் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் கட்டாயம் எழுத வேண்டும். காரணம் தெரியாமல் ஒன்றைச் செய்தால் எனக்கு உறக்கம் கொள்வதில்லை.

நாட்டுவிதையையும் கிழக்கோரம் நான்கு சாலில் ஊன்றியிருக்கிறேன். ஒன்றை ஒன்றோடு வைத்துப் பார்த்தால்தானே மெய் புலப்படும்.

மூட்டைச் சாக்கில் அகளிச் சந்தைக் கடை ஒன்றின் முத்திரை இருந்தது. சக்குபள்ளத்திலிருந்து வந்த மூட்டைக்கு அது எவ்வாறு பொருந்தும் என்று எண்ணினேன். எண்ணியதோடு விட்டுவிட்டேன்.

அங்கே புளிப்பு மாங்காய் கிடைக்குமா, இல்லை இங்கிருந்து அனுப்பவா என்று மருதாத்தாள் கேட்கச் சொன்னாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
கந்தப்பன்


சக்குபள்ளம்,
தை 1

கருப்பசாமி காவல்.

சம்பந்தி அவர்களுக்குப் பொங்கல் வணக்கம். நாங்கள் சுகம். தங்கள் வீட்டில் பால் பொங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

சாக்கு எங்கும் போகும், எங்கும் வரும். அதற்கு ஜாதகம் பார்க்க வேண்டாம்.

தட்டைப்பயறு எதற்கென்றால், அசுவினியைத் தின்னும் பொறிவண்டும் கண்ணாடிச் சிறகுப் பூச்சியும் முதலில் அதில்தான் குடியேறுமாம். அங்கே பெருகி, பிறகு கடலைக்குள் இறங்குமாம். வந்த விருந்தாளி தங்க ஒரு சாவடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாங்காய் இங்கே இல்லை. அனுப்பினால் அகளிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

முளைத்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதினீர்கள். வாசலைப் பற்றி ஒரு வரி இல்லை. எங்கள் வீட்டில் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் முத்துப்பேச்சி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறாள்.

ராக்கப்பன்


கோபாலபுரம்,
தை 9

குன்றுதோறாடும் குமரன் காக்க.

திரு. ராக்கப்பன் அவர்களுக்கு. உடல் நலம், உள்ளம் ஒரு நிலையில் இல்லை.

அசுவினி வந்துவிட்டது. முட்டையிடாமல் குட்டியாகவே ஈனும் உயிர் அது. தாயும் மகளும் பேத்தியும் ஒரே தண்டில் தோள் உரசி நிற்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். கிழக்கோரத்து நாட்டுக்கடலை நான்கு சாலும் கொழுந்து சுருண்டு, இலையெல்லாம் தேன் வடிந்து பிசுபிசுக்கிறது. ஆனால் தங்கள் ரகத்தின் உறுதியைச் சொல்ல வேண்டும். அதே காற்று, அதே மண், ஒரு சால் இடைவெளி. அங்கே கொத்துக் கொத்தாக இருப்பது இங்கே செடிக்கு ஒரு சிறு திட்டாகத்தான் இருக்கிறது. கண்டவுடன் மருதாத்தாளைக் கூவி அழைத்தேன். பாம்பு என்று எண்ணித் தடியோடு ஓடி வந்தாள்.

எனினும் திட்டு நாளுக்கு நாள் பெரிதாகிறது. ரகம் தாங்கும், தனியாக எத்தனை நாள் தாங்கும்? தட்டைப்பயற்றில் தாங்கள் சொன்ன விருந்தாளி ஒருவரையும் காணோம். சுற்றுக்காடுகள் எல்லாம் மருந்தடித்த காடுகள். எங்கிருந்து வருவார்கள்?

கட்டுச்சோறு பற்றிக் கேட்டிருந்தீர்கள். மறக்கவில்லை. முடிவு சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியாமல் அதை முருகனிடம் விட்டிருக்கிறேன். நஞ்சில்லாமல் இப்பயிர் தேறி, சித்திரையில் காய் பறித்தேனானால், வாசலைத் திற என்று அவன் சொன்னதாகக் கொள்வேன். தேறாவிட்டால் அவன் எண்ணம் வேறு.

கந்தப்பன்


சக்குபள்ளம்,
தை 15

கருப்பசாமி காவல்.

சம்பந்தி அவர்களுக்கு. சுகம். முருகனுக்கும் அசுவினிக்கும் நடுவில் என் மகளைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டீர்கள். போகட்டும். அப்படியென்றால் அந்தப் பயிர் இப்போது எனக்கும் பயிர்தான். ஆனால் சித்திரை வரும்போது ஏழாம் மாதம் முடிந்திருக்கும் என்பதையும் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

விருந்தாளி இல்லையென்றால் நான் கொண்டுவருகிறேன். என் வீட்டுப் பின்புறம் அவரைப் பந்தலில் பொறிவண்டு மொய்க்கிறது. அங்கே நான் பம்பை ஏற்றியதே இல்லை. பூசத்துக்குத் தாங்கள் காவடி எடுத்துப் பழனி வருவதாக மாப்பிள்ளை சொன்னார். நானும் வருகிறேன். சண்முகநதிக் கரையில், படித்துறையில் நிற்பேன்.

வண்டாகக் கொண்டுவந்தால் பறந்துவிடும் என்று விஷயம் தெரிந்தவர் சொல்கிறார். ஆகவே குஞ்சுப்புழுவாகக் கொண்டுவருகிறேன். கறுத்த உடம்பு, மஞ்சள் திட்டு, முதுகெல்லாம் முள். பார்க்க முதலையைச் சுருக்கி வைத்ததுபோல் இருக்கும். வண்டுக்கு இருக்கும் அழகு குஞ்சுக்கு இல்லை. வேலையாட்கள் பூச்சி என்று நசுக்கிவிடப் போகிறார்கள். முதலிலேயே சொல்லி வையுங்கள். பசித்தால் ஒன்றையொன்று தின்னும் ஜாதி. அதனால் அசுவினி பிடித்த அவரைக் கொழுந்தை மூங்கில் குழாயில் அடைத்து, மேலே வேட்டித்துணி கட்டி, வழிக்குச் சோறோடு எடுத்து வருகிறேன்.

ராக்கப்பன்


கோபாலபுரம்,
மாசி 4

பூசத்தன்று கண்குளிரக் கண்ட பெருமான் அருள் பெருகுக.

திரு. ராக்கப்பன் அவர்களுக்கு. நலமாக ஊர் சேர்ந்தீர்களா? தங்கள் கால்வலி எப்படி?

அன்று நான் மௌன விரதத்தில் இருந்தேன். அதைத் தங்களுக்கு முன்பே எழுதாதது என் பிழை. படித்துறையில் தலையில் மப்ளரும் கையில் மூங்கில் குழாயுமாகத் தாங்கள் நின்றதைக் கண்டவுடன் தெரிந்துகொண்டேன். எத்தனையோ பேசினீர்கள். "சம்பந்தி, நீங்க பேச வேண்டாம். கட்டுச்சோறு கொண்டாரலாம்னா தலைய மட்டும் ஆட்டுங்க, நான் புரிஞ்சுக்கிடுதேன்" என்றீர்கள். என் தலை அசையவில்லை என்று வருந்தியிருப்பீர்கள். தோளில் காவடி இருந்தது. அசைத்திருந்தால் பால்குடம் சரிந்திருக்கும்.

குழாயை மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்தேன். அன்று அந்தியில், வெயில் தணிந்த பிறகு, திட்டு அதிகமிருந்த செடிகளில் ஒவ்வொன்றாக இறக்கிவிட்டோம். அடடா, அதை எப்படிச் சொல்வேன். சற்று நேரம் திகைத்து நின்ற ஒரு புழு, தலையை இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு, முதல் அசுவினியைக் கவ்வியது. பிறகு நிற்கவே இல்லை. ஒரு கொழுந்தைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்ததற்கு நடந்தது. சூரசம்மாரத்தை ஒரு கடலைக் கொழுந்தில் கண்டேன். மருதாத்தாள் என் கையைப் பிடித்து, மெதுவாகப் பேசுங்கள், அது பயந்துவிடும் என்றாள்.

ஆனால் இரண்டு நாளில் நிலை மாறிவிட்டது. புழுக்கள் செடியில் இல்லை. பல தரையில் புரண்டு கிடந்தன. எங்கிருந்தோ இரண்டொரு வண்டு வந்தது. உட்கார்ந்த நொடியில் எழுந்து பறந்தது. ஏன் தங்கவில்லை? விடியலில் எறும்புகளுக்கு வழக்கத்திலும் ஒரு பிடி கூடுதலாக நொய்யும் சர்க்கரையும் இட்டு வேண்டிக்கொண்டேன். பயனில்லை. திட்டுகள் மீண்டும் பெருகுகின்றன.

மருதாத்தாள் தன் போனில் செடியைப் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினாள். யாருக்கு என்று கேட்கவில்லை. விஷயம் தெரிந்தவரைத் தாங்கள் கேட்டு எழுத வேண்டும். விரைந்து எழுத வேண்டும்.

கந்தப்பன்


சக்குபள்ளம்,
மாசி 10

கருப்பசாமி காவல்.

சம்பந்தி அவர்களுக்கு. கால்வலி தேவலை. தங்கள் கடிதத்துக்கு முன்பே விவரம் எனக்கு வந்துவிட்டது. அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தயக்கம், முத்துப்பேச்சிக்குச் சிரிப்பு.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அசுவினிக்குப் பக்கத்தில் எல்லாம் எறும்பு நிற்கிறதாம். அசுவினி வடிக்கும் தேன் எறும்புக்கு உணவு. மாட்டைக் கட்டிப் பால் கறப்பதுபோல் எறும்பு அசுவினியை வளர்த்துத் தேன் குடிக்கும். தின்ன வரும் வண்டைக் கடித்துத் துரத்தும்; புழுவைத் தூக்கிக் கீழே போடும். உங்கள் வரப்பில் விடியலில் இடும் சர்க்கரைக்கு ஊர் எறும்பெல்லாம் கூடி, அங்கேயே புற்றெடுத்து, அப்படியே செடிக்கும் ஏறிவிட்டது. விஷயம் தெரிந்தவர் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்: "மாமா வரப்புல காவலுக்கு ஆளும் போட்டு, சம்பளமும் குடுத்து வச்சிருக்காகப்பா. அப்புறம் எப்படி வண்டு உள்ள போகும்?"

மாமா என்ற சொல்லிலிருந்தே தெரிந்திருக்கும். விதையைத் தேடி எடுத்தது, தட்டைப்பயறு சொன்னது, புழுவாகக் கொண்டுபோகச் சொன்னது எல்லாம் ஆர்த்திதான். அகளியில் அவளுக்கு வேலையே இதுதான். மலைக்காட்டுக் கடலைக்கும் கடுகுக்கும் பூச்சி பார்ப்பது. தன் பெயர் தெரிந்தால் விதை திரும்பி வந்துவிடும் என்று பயந்தாள். அதனால் நான் பொய்யன் ஆனேன்.

எறும்புக்கு இடுவதை நிறுத்தவே கூடாது என்கிறாள். இடத்தை மட்டும் மாற்ற வேண்டுமாம். காட்டை விட்டுத் தள்ளி, களத்துமேட்டுப் பனையடியில் கொண்டுபோய் வையுங்கள். வரப்புப் புல்லையும் செதுக்கிவிடுங்கள். அங்கே சர்க்கரை நிறையக் கிடைத்தால் இங்கே தேனுக்கு அலையாது.

வந்த விருந்தாளியை வாசலில் நின்று விரட்டுவது எறும்பு மட்டும்தானா என்று ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன். அடித்த வரியும் தெரிகிறது. மன்னிக்கவும்.

ராக்கப்பன்


சக்குபள்ளம்,
மாசி 22

சம்பந்தி அவர்களுக்கு. சுகம்தானே? பதில் வரவில்லை. நான் அடித்த வரியால் கோபம் என்றால் கோபம் என்னோடு இருக்கட்டும். பங்குனி பிறக்க ஒரு வாரம்தான் இருக்கிறது. கட்டுச்சோற்றை எந்த ஊருக்குக் கட்டுவது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். அகளி என்றாலும் கட்டுகிறோம்.

ராக்கப்பன்


கோபாலபுரம்,
மாசி 26

வள்ளி பொருட்டு வேடர் வீட்டு வாசலில் தானே சென்று நின்ற பெருமானை வணங்கி எழுதுகிறேன்.

அன்புள்ள சம்பந்தி ராக்கப்பன் அவர்களுக்கும் சம்பந்தியம்மாள் முத்துப்பேச்சி அவர்களுக்கும் கந்தப்பன் வணக்கம். இங்கு நலம். அங்கு நலமறிய ஆவல்.

எழுதத் தாமதித்தது சினத்தால் அன்று, நாணத்தால். தங்கள் கடிதம் வந்த மறுநாளே வரப்புப் புல்லைச் செதுக்கினேன். விடியலில் நொய்யையும் சர்க்கரையையும் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பனையடிக்குப் புறப்பட்டேன். மருதாத்தாள் வழியில் நின்றாள். அவள் என்னை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. அன்று சொன்னாள்.

"ஏனுங்க, எறும்புக்கு எடம் மாத்தி எலை போடப் போறீங்க. வயித்துப் புள்ளைக்காரி நம்மூட்டு வாசல்ல வந்து ஒரு வாய் சோறு திங்கோணும்னா, அதுக்கு மட்டும் கடலை வெளையோணுமா?"

கையில் கிண்ணம் இருந்தது. பனையடியில் போய் இட்டுவிட்டு, பதிகம் பாடாமலே திரும்பினேன். முருகனைக் கேட்பதாகச் சொல்லிக்கொண்டு அசுவினியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். புற்றெறும்புக்கு நாள் தவறாமல் படியளந்த கை இது. என் வீட்டு மருமகளுக்கு ஒரு பிடி சோறு இட்டதில்லை.

அன்றே பஞ்சாங்கம் பார்த்தேன். பங்குனி பன்னிரண்டு, வளர்பிறை, நல்ல ஓரை. அதற்கு முந்தின வாரம் நானும் மருதாத்தாளும் அகளிக்கு நேரில் சென்று பிள்ளைகள் இருவரையும் அழைத்து வருகிறோம். கட்டுச்சோறு இந்த வாசலுக்கு வரட்டும். புளிச்சோறு கூடுதலாக வேண்டும் என்று மருதாத்தாள் சொல்கிறாள். பங்காளிகள் அத்தனை பேரையும் அழைத்துவிட்டேன். சிரித்தவர்களும் உண்ணட்டும்.

இனிச் சொல்லப்போவதைத் தாங்கள் ஐயமின்றி நம்ப வேண்டும். நான் நாள் குறித்தபோது காட்டில் ஒரு வண்டும் இல்லை. பயிர் தேறும் என்று எந்த அடையாளமும் இல்லை. நாள் குறித்த பிறகுதான் அவை வந்தன. செடியில் எறும்பு நாளுக்கு நாள் குறைந்து, பனையடியில் திருவிழாக் கூட்டமாகக் கூடிவிட்டது. ஒரு காலை தட்டைப்பயற்றை விலக்கிப் பார்த்தேன். இலையின் அடியில் மஞ்சள் முட்டைக் கொத்து. அடுத்த இலையிலும். தப்பிப் பிழைத்த தங்கள் புழுக்கள் சில கூடாகித் தொங்கின. அவற்றுள் ஒன்று என் கண்ணெதிரே பிளந்து, ஈரச் சிறகோடு வெளிறிய வண்டாக வெளிவந்தது. வெயில் ஏற ஏற அதன் முதுகில் குங்குமநிறம் ஏறி, கரும்பொட்டுகள் ஒவ்வொன்றாகத் தோன்றின. நான் காலைச் சிற்றுண்டியை மறந்தேன். நண்பகலில் மருதாத்தாள் சோற்றுத் தூக்குப்போசியோடு வந்து பார்த்து, அவளும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இன்று கடலைக்குள் எங்கு பார்த்தாலும் அந்த முள் முதுகுக் குஞ்சுகள். திட்டுகள் கரைகின்றன. கண்ணாடிச் சிறகுப் பூச்சியும் வந்துவிட்டது. பச்சைத் துணி நூல்போல் மெலிந்த உடம்பும் பொற்கண்ணுமாக, யாரோ வரைந்து விட்டதுபோல் இருக்கிறது.

தாங்கள் அடித்த வரியை நான் தெளிவாகப் படித்தேன். இனி எந்த வரியையும் அடிக்க வேண்டாம். சம்பந்திக்குள் அது என்ன மறைப்பு.

தங்கள் வருகைக்கு வாசலில் நிற்கும்,
கந்தப்பன்


கோபாலபுரம்,
சித்திரை 9

அறுமுகன் அருளோடு அன்னை வள்ளியின் காவலும் உன் கட்டிலைச் சுற்றி நிற்க.

செல்வ மருமகள் ஆர்த்திக்கு மாமன் கந்தப்பன் எழுதும் முதற் கடிதம். நலமாகச் சக்குபள்ளம் சேர்ந்தாய் என்று சிவப்பிரகாஷ் சொன்னான். கால்வீக்கம் இறங்கியதா? நேரத்துக்கு உண்கிறாயா? உன் அத்தை நான்கு முறை கேட்கச் சொன்னாள். நான் ஒருமுறை எழுதுகிறேன்.

கடலை பறித்தாயிற்று. முதல் செடியைப் பிடுங்கி மண்ணை உதறினேன். கொத்துக் கொத்தாகக் காய். அடுத்த செடியை உன் அத்தை பிடுங்கினாள். பிறகு யார் எதைப் பிடுங்கினோம் என்று தெரியாது. கூலியாட்கள் வருவதற்குள் கிழவனும் கிழவியுமாக ஒரு சால் முழுவதும் பிடுங்கி முடித்துவிட்டோம். கிழக்கோரத்து நாட்டுக்கடலையில் கால்பங்குதான் தேறியது. உன் ரகம் களம் நிறைந்து காய்கிறது. செக்கில் ஆட்டும் முதல் எண்ணெய் உனக்கு வந்து சேரும்.

கட்டுச்சோற்று அன்று, கை நிறைய வளையலோடு நீ காட்டோரம் வந்து நின்றாயே, அதை நினைக்காத நாள் இல்லை. பங்காளி வீட்டுப் பெரியவர், "மருமகப் பொண்ணு வண்டு புடிக்க வந்துருச்சாட்டம் இருக்குது" என்று கேலி பேசியபோது எனக்குச் சுருக்கென்றது. நீ சிரித்துக்கொண்டு, "இல்லீங் பெரிய மாமா, எனக்கு முந்தி இந்த ஊட்டுக்கு வந்து சேந்தவங்களைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேனுங்க" என்றாய். எங்கள் பேச்சை எங்கே கற்றாய்? பெரியவர் இரண்டாம் முறை புளிச்சோறு கேட்டு வாங்கினார். நேற்று வந்து, அந்த விதையில் ஒரு வள்ளம் அளந்து தர முடியுமா என்று நின்றார். தட்டைப்பயறும் விதைத்து, சர்க்கரையைப் பனையடியில் இடுவதாக வாக்குக் கொடுத்தால் தருகிறேன் என்றேன்.

விதைக்கடலையை நானே பார்த்துப் பொறுக்கி, வேப்பிலை போட்டு மண்குதிரில் கட்டி வைத்திருக்கிறேன். வரும் கார்த்திகையில் முதல் விதையை ஊன்ற வேண்டியவள் இந்த வீட்டு மருமகள். ஒரு கையில் குழந்தை இருந்தால் மற்றொரு கையால் ஊன்றலாம். நீ வரும்வரை குதிரின் மூடியைத் திறக்க மாட்டேன். விடியலில் நான் பனையடிக்குப் போகும்போது கிண்ணத்தில் உன் பெயரைச் சொல்லி ஒரு பிடி எடுத்து வைக்கிறாள் உன் அத்தை.

இக்கடிதத்தை உன் தந்தையின் வலது காதுப் பக்கமாக அமர்ந்து உரக்கப் படி. படிக்கும் உன் குரலும், கேட்கும் செவிகளும், உன் வயிற்றில் வளரும் உயிரும், அடுப்பை விட்டு ஓடி வந்து நிற்கும் சம்பந்தியம்மாளும், அந்த வீட்டுக் கூரையும் பின்புறத்து அவரைப் பந்தலும் அதில் குடியிருக்கும் வண்டுகளும் நோயின்றி, பசியின்றி, அச்சமின்றி நீடு வாழ்க. வந்தவர்க்கெல்லாம் அந்த வாசலும் இந்த வாசலும் திறந்தே இருக்குமாறு பெருமான் காத்தருள்க.

உன் மாமன்,
கந்தப்பன்